மீன் பித்தும் அப்பாவின் வலது கண்ணும்

"மீன் வேண்டாம்மா. பித்து மட்டும் போதும்."

தென்காசி மார்க்கெட்டில் மீனின் கசப்புப் பித்தப்பையை மட்டும் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். மீன்காரம்மா செதில் உரசுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி கேக்கிய? ஊரெல்லாம் பித்தைத் தூரப் போட்டுட்டு மீனைத் தாம்பாவ. நீங்க மீனைப் போட்டுட்டுப் பித்தைத் தாங்கிய."

"மருந்துக்கும்மா."

"யாருக்கு?"

"அப்பாவுக்கு. கண்ணுல விடதுக்கு."

"கண்ணுலயா! கண்ணு அவிஞ்சு போவும் அண்ணாச்சி. எந்த வைத்தியன் சொன்னான் ஒங்களுக்கு?"

சொன்னது வைத்தியன் இல்லை, ஒரு தேவதூதன் என்று சொன்னால் அவள் நம்புவாளா? எனக்கே நம்பிக்கை இல்லை. ஒரு முழு விரால் மீனை வாங்கிக்கொண்டு, ஓலைப் பெட்டியில் அது துள்ளத் துள்ள வீட்டுக்கு நடந்தேன். சிற்றாற்று மீன்தானா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். குளத்து மீன் செல்லாது என்று அப்பாவின் உத்தரவு.

இந்தப் பத்தி நடுவில் சில வாரங்கள் வராததற்குக் காரணம் அந்த மீன்தான். எடிட்டர் "எழுதுபவருக்கு உடல்நலக் குறைவு" என்று இரண்டு வரி போட்டுவிட்டார். எனக்கு ஒரு குறைவும் இல்லை. குறைவெல்லாம் அப்பாவின் கண்ணில். நிஜத்தைச் சொல்வதென்றால் கண்ணிலும் இல்லை... தைரியத்தில்.

அப்பாவை உங்களில் சிலருக்குத் தெரியும். தென்காசியில் எங்கள் லுத்தரன் சபையில் முப்பது வருஷம் உபதேசியாராக இருந்தவர். பாஸ்டர் மாதத்துக்கு ஒரு முறை ரயிலில் வந்து போவார். மீதி நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுவது, சண்டை தீர்ப்பது எல்லாம் அப்பாதான். சபை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தாத்தா காலத்தில் தரங்கம்பாடிப் பக்கமிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழெட்டுக் குடும்பங்கள், அவ்வளவுதான். ஊரில் எங்களை ஜெர்மன் கோயில்காரர்கள் என்பார்கள். யுத்தம் ஆரம்பித்த பிறகு அதைக் கொஞ்சம் சத்தம் குறைத்துச் சொல்கிறார்கள்.

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை. இடது கண் பல வருஷம் முன்பே போய்விட்டது. ஊசி வைத்துப் புரையைத் தள்ளுகிறேன் என்று சந்தைக்கு வந்த ஒரு நாடோடி வைத்தியன் அதைக் குத்திவிட்டுப் போனான். மறுநாள் அவனும் ஊரில் இல்லை, கண்ணும் இல்லை. அந்தக் கதையை அப்பா ஒரு நாளும் பேசமாட்டார். நாங்களும் கேட்கமாட்டோம்.

இந்தத் தடவை குற்றால சீசனுக்கு மதுரையிலிருந்து ஒரு கண் டாக்டர் வந்து பங்களா எடுத்துத் தங்கியிருந்தார். அருவியில் குளித்துவிட்டு ஓய்வெடுக்க வந்த மனிதர். நான் விடுவேனா? அப்பாவைக் கொண்டுபோய் அவர் வராந்தாவில் உட்கார வைத்துவிட்டேன். ஈரத் தலையும் நெற்றி நிறைய விபூதியுமாக வந்தவர், முகம் கோணாமல் கண்ணை விரித்துப் பார்த்தார்.

"புரை நன்றாக முற்றிவிட்டது. ஆபரேஷன் செய்தால் பார்வை வரும். இந்த சீசன் முடிவதற்குள் நானே தென்காசி ஆஸ்பத்திரிக்கு வந்து செய்து தருகிறேன். தள்ளிப் போட்டீர்களானால் உள்ளே அழுத்தம் ஏறிவிடும். அப்புறம் யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது."

அப்பா கும்பிட்டார். "ரொம்ப சந்தோசம் டாக்டர்" என்றார். வண்டியில் ஏறியதும் "வேண்டாம்லே" என்றார்.

மறுநாள் காலையில் மாற்று வைத்தியம் தயாராக இருந்தது. அதற்கு நீங்கள் எங்கள் வீட்டு வேதபுத்தகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் வேதபுத்தகம் மற்றவர்களுடையதைவிடத் தடிமன். பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்குவதற்கு முன்னால், நடுவில் ஒரு விரல் கனத்துக்கு வேறு சில புத்தகங்கள் இருக்கும். தள்ளுபடி ஆகமங்கள் என்று பெயர். கத்தோலிக்கர்கள் அவற்றில் பெரும்பாலானவற்றை வேதமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். என் மனைவி சொர்ணம் பிறந்த இங்கிலீஷ் மிஷன் சபையில், வீட்டுக்கு வாங்கும் புத்தகத்தில் அவற்றை அச்சடிப்பதே இல்லை. நாங்கள் நடுவில். வேதத்துக்குச் சமம் கிடையாது, ஆனால் வாசிக்க நல்லது, பிரயோஜனம் உண்டு என்பது எங்கள் கட்சி. வீட்டோடு தங்கிவிட்ட தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். சாப்பாடு உண்டு, சொத்தில் பங்கு கிடையாது.

சபையில் முழு அங்கமாகச் சேரும் பிள்ளைகளுக்கு நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில் அப்பா இதைக் கேள்வி பதிலாகவே சொல்லித் தருவார்.

"இந்தப் புத்தகங்களை என்ன செய்யலாம்?"

"வாசிக்கலாம்!"

"என்ன செய்யக் கூடாது?"

"சாதிக்கக் கூடாது!"

அதாவது, இதில் இருக்கிறது, ஆகவே இப்படித்தான் என்று இதைக் காட்டி ஒரு உபதேசத்தையும் நிலைநாட்டக் கூடாது. இதை மாற்றிச் சொல்லி நான் காதில் திருகு வாங்கியிருக்கிறேன். இடது காது இன்றைக்கும் கொஞ்சம் பெரிதாக இருப்பதாக சொர்ணம் சொல்லுவாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. விளக்கு வைத்ததும் நடக்கும் வீட்டு ஜெபத்தில், வேதம் வாசித்தால் எல்லோரும் எழுந்து நின்று கேட்க வேண்டும். நடுப் புத்தகங்களை வாசித்தால் உட்கார்ந்து கேட்கலாம். இது சபைச் சட்டமா, அப்பா சட்டமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சின்ன வயதில் எனக்கு அந்த நடுப் புத்தகங்கள்மேல் இருந்த பக்திக்கு முழுக் காரணமும் அதுதான்... உட்காரலாம்!

கதைகளும் நன்றாக இருக்கும். அப்பாவுக்குப் பிடித்த கதை இது. கண் தெரியாமல் போன ஒரு நல்ல தகப்பன். வெளியூர் போகிற மகன். கூட வழித்துணையாக ஒருவர். அவர் தேவதூதன் என்பது கடைசியில்தான் தெரியும். பின்னாலேயே ஒரு நாய். வழியில் ஆற்றில் இறங்கும்போது ஒரு பெரிய மீன் மகன்மேல் பாய்கிறது. அதைப் பிடித்துப் பித்தை எடுத்து வைத்துக்கொள் என்கிறார் துணைவர். வீடு திரும்பி அந்தப் பித்தைத் தகப்பன் கண்ணில் பூசினால், வெள்ளை உரிந்து விழுந்து பார்வை வந்துவிடுகிறது.

இப்போது புரிகிறதா?

"ஏலே, எனக்குக் கத்தி வேண்டாம்" என்றார் அப்பா. "மீன் போதும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்பா, நீங்கதான சொல்லுவீய? வாசிக்கலாம், சாதிக்கக் கூடாதுன்னு?"

"உபதேசத்துக்குத்தாம்ல ஆகாது. வைத்தியத்துக்கு ஆகாதுன்னு நான் என்னைக்குச் சொன்னேன்?"

முப்பது வருஷம் காதைத் திருகித் திருகிச் சொல்லிக் கொடுத்த சட்டத்தில் இப்படி ஒரு சந்து இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் பள்ளிக்கூட வாத்தியார். வாரா வாரம் உங்களுக்கு இங்கே புத்தி வேறு சொல்கிறவன். அப்பாவிடம் மட்டும் என் புத்தி செல்லவில்லை. இருப்பது ஒரு கண். அதில் பித்தை ஊற்றி அதுவும் போய்விட்டால்?

சரி, கொஞ்ச நாள் இழுத்தடிக்கலாம், அதற்குள் மனசு மாறுவார் என்று நினைத்தேன். "சரிப்பா, ஆத்துக்குப் போவோம்" என்றேன். நான் செய்த தப்பு அதுதான். அப்பா அதை ஒரு பயணத் திட்டமாகவே ஆக்கிவிட்டார்.

மகன் வேண்டும். நான் இருக்கிறேன். ஆறு வேண்டும். குற்றாலத்துக்குக் கீழே சிற்றாறு ஓடுகிறது. வழித்துணைக்கு?

"வண்டிக்காரர் வருதாருல்லா" என்றார் அப்பா.

நாய்க்கு எங்கள் தெரு நாய் துரை. முகம் மட்டும் வெள்ளையாக இருப்பதால் தெருவில் வைத்த பெயர். "கட்டி இழுக்கக் கூடாதுலே. கதையில அது தானா வருது" என்று அப்பா கண்டிஷன் போட்டார். துரைக்கு அந்தக் கதை தெரியாது. பத்தடி வந்துவிட்டுத் திரும்பிவிட்டது. வேறு வழி? மாட்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, குற்றாலம் வரைக்கும் கருவாட்டைக் கிள்ளிக் கிள்ளி ரோட்டில் போட்டுக்கொண்டே போனேன்.

"நாய் வருதாலே?"

"வருதுப்பா. தானாத்தான் வருது."

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. கண் தெரியாதவரை ஏமாற்றுகிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆற்றில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஜில்லென்று காலைக் கவ்வியது. கரையில் ஒரு பாறைமேல் அப்பா. பக்கத்தில் துரை. அந்தாண்டை வண்டிக்காரர், தாம் யாருடைய ஸ்தானத்தில் வந்திருக்கிறோம் என்று தெரியாமல் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் நின்றேன். எந்த மீனும் பாயவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. மீன் பாய்ந்திருந்தால் நான்தான் முதலில் கரைக்குப் பாய்ந்திருப்பேன். திடீரென்று கால் கட்டைவிரலில் ஏதோ கவ்வ, ஐயோ என்று கத்திவிட்டேன்.

"பாஞ்சிட்டாலே?" அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"நண்டுப்பா!"

"சே. அதை விட்டுரு."

மேலே படித்துறையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சத்தம் போட்டார். "யாருய்யா அங்கன? நாங்க பொரி போட்டு வளக்க மீனு. அதுல கை வைக்கப் பாக்கியளா?" நான் அவசரமாகக் கரையேறினேன். மீன் பிடிக்கவில்லை, மீன் என்னைப் பிடிப்பதற்காகக் காத்திருக்கிறேன் என்று அவருக்கு எப்படி விளக்குவது?

நான் காலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அப்பா மலைப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். அருவிச் சத்தம் கேட்கிற திசை அது.

"தண்ணி நல்லா விழுதாலே?"

"நல்லா விழுதுப்பா. வெள்ளை வெளேர்னு."

"எனக்கு எல்லாமே அப்படித்தான் தெரியுது" என்றார்.

அதற்கு மேல் எனக்குக் கிண்டல் வரவில்லை. வீடு நெருங்கும்போது அப்பாவே ஒரு முடிவுக்கு வந்தார். "மீன் பாயலைன்னா வாங்கிக்கிடலாம்லே. விலைக்கு வாங்கக் கூடாதுன்னு கதையில இல்லை."

அப்படித்தான் மறுநாள் காலையில் நான் மார்க்கெட்டில் நின்றதும், மீன்காரம்மாவிடம் மாட்டிக்கொண்டதும்.

விராலை சொர்ணத்திடம் நீட்டினேன். மீன்காரம்மா சொன்னதையும் சொன்னேன். "நீயாவது சொல்லிப் பாரேன். எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "கொண்டாங்க" என்று வாங்கிக்கொண்டு புறவாசலுக்குப் போனாள்.

மதியம். அப்பா முகம் கழுவி, ஜெபம் பண்ணி, சாய்வு நாற்காலியில் அண்ணாந்து படுத்துவிட்டார். வலது கண்ணை ஒரு விரலால் திறந்து வைத்துக்கொண்டார்.

"சொர்ணம், பித்தைக் கொண்டா."

"மாமா... அது ஒடஞ்சு போச்சு."

"எங்கன ஒடஞ்சுது?"

"கொழம்புல."

சமையல் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மீன் ஆயும்போது பித்துப் பை உடைந்தால் குழம்பு கசந்து, அவ்வளவுதான். அப்பா கண்ணிலிருந்து விரலை எடுத்தார்.

"முழுசுமா?"

"முழுசும்தான் மாமா."

"கொழம்பைக் கொண்டா. உள்ளுக்குச் சாப்பிட்டாலும் கேக்குமோ என்னமோ."

ஒரு வாய் வைத்தார். அப்பாவின் முகம் போன போக்கை நான் எழுதிக் காட்ட முடியாது. இரண்டாவது வாய்க்குக் கை போகவில்லை. மீதியைத் துரைக்கு வைத்தோம். மோந்து பார்த்துவிட்டு, வந்த வழியே நாலடி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

சொர்ணம் வீரகேரளம்புதூர்க்காரி. சிற்றாற்றங்கரையில் வளர்ந்தவள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவள் கையில் ஒரு மீனின் பித்தாவது உடைந்து நான் பார்த்ததில்லை. தனியாகக் கேட்டேன். "கை தவறிட்டு" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நாளைக்கு வேற மீன் வாங்குலே" என்றார் அப்பா, நாற்காலியில் இருந்தபடி.

ஆக, கிடைத்தது ஒரே ஒரு நாள் அவகாசம்.

அன்று சாயந்திரம் விளக்கு வைத்ததும் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு வாசிப்பது என் வேலை. புத்தகத்தை எடுக்கப் போனேன். சொர்ணம் முந்திக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் வாசிக்கட்டுமா மாமா?"

"வாசி. நிக்கணுமா, உக்காரணுமா?"

"உக்காந்தே கேளுங்க."

எனக்கும் அப்பாவுக்கும் ஒரே நேரத்தில் ஆச்சரியம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நடுப் பக்கங்களை அவள் தொட்டதில்லை. அவள் கொண்டுவந்த வேதபுத்தகம் மெலிசு. "ஒங்க புத்தகத்துல நடுவுல இருந்ததை யாரு உருவுனா?" என்று அப்பா கேலி செய்வார். "ஒங்க புத்தகத்துல நடுவுல சொருகுனது யாரு மாமா?" என்று அவள் திருப்பிக் கேட்பாள். இது எங்கள் வீட்டில் வருஷக் கணக்காக நடக்கிற சண்டை. சாப்பிடும்போது ஊறுகாய் மாதிரி.

அப்படிப்பட்டவள், டாக்டர் சொன்ன நாளிலிருந்து தினமும் மத்தியானத்தில் அந்த நடுப் பக்கங்களை முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் சத்தம் போடாமல் நடந்திருக்கிறேன்!

வாசித்தாள். மீன் கதை இல்லை. அதே நடுப் பக்கங்களில், ஒரு ஞானி எழுதி வைத்த புத்திமதிகளில் இருந்து ஒரு அதிகாரம். வைத்தியனுக்கு மரியாதை செய்ய வேண்டும், அவனையும் உண்டாக்கியவர் கடவுள்தான் என்று வருகிறது. மருந்தைப் பூமியிலிருந்து தருகிறவரும் அவரே, புத்தியுள்ளவன் அதை அசட்டை செய்யமாட்டான் என்று வருகிறது. நோய் வந்தால் ஜெபம் பண்ணு, பண்ணிவிட்டு வைத்தியனுக்கு இடம் கொடு என்றும் வருகிறது. நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தாள். முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடவில்லை.

அப்பா தொண்டையைச் செருமினார். அவருக்கா அந்த அதிகாரம் தெரியாது?

"நல்ல அதிகாரம்தான். வாசிக்க நல்லது. ஆனா, இதைக் கொண்டு..."

அங்கேயே நின்றுவிட்டார்.

"சொல்லுங்க மாமா. இதைக் கொண்டு?"

அப்பா உட்கார்ந்த இடத்தில் நெளிந்தார்.

"ரெண்டும் ஒரே அட்டைக்குள்ள, ஒரே எடத்துலதான் இருக்கு" என்றாள் சொர்ணம். "மீனு சொல்லுததைக் கேப்பியன்னா, இவரு சொல்லுததையும் கேக்கணும். இவரு பேச்சு வேண்டாம்னா மீனும் வேண்டாம். எதுன்னு நீங்களே சொல்லுங்க. நீங்கதான உபதேசியார்."

அப்பா கையை நீட்டித் தடவி, விரித்து வைத்திருந்த பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"பயமா இருக்கு பிள்ளை" என்றார் அப்பா.

என் ஆயுசில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. காலரா வந்த வருஷத்தில் வீடு வீடாகப் போய்ப் பிணத்துக்குப் பக்கத்தில் ஜெபம் பண்ணின மனிதர்.

"அந்த ஊசிக்காரன் குத்தும்போதும் இப்படித்தான் எல்லாரும் சரியாப் போவும்னு சொன்னாவ. இதுவும் போயிட்டுன்னா... நான் எதை வச்சு வாசிப்பேன்?"

"நான் வாசிக்கேன் மாமா."

"அந்த நடுப் பக்கத்தையுமா?"

"அதையும்தான்."

அப்பா என் பக்கம் திரும்பி, "ஏலே, டாக்டரைப் பாத்துச் சொல்லிட்டு வா. ஆனா நாயும் ஆஸ்பத்திரிக்கு வரணும்" என்றார். முழுசாகத் தோற்பது அவர் பழக்கம் இல்லை.

டாக்டர் சொன்னபடி ஒரு காலையில் குற்றாலத்திலிருந்து பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆபரேஷன் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அரை மணியில் நான் வராந்தாவில் எத்தனை தடவை நடந்தேன் என்று துரையைத்தான் கேட்க வேண்டும். கம்பவுண்டர் விரட்ட விரட்ட, அது சுற்றிக்கொண்டு வந்து அதே தூணுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. இந்தத் தடவை கருவாடு போடவில்லை. தானாகத்தான் வந்தது.

அதற்கப்புறம் பத்து நாள் அப்பா கண்ணைக் கட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தார். தலை அசையக் கூடாதென்று இரண்டு பக்கமும் மணல் பை. சொர்ணம் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். தினமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நடுப் பக்கங்களை வாசித்தாள். அவள் ஒரு வார்த்தையை விழுங்கினால் மணல் பைகளுக்கு நடுவிலிருந்து திருத்தம் வரும். வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துப் படுக்கையில் சுந்தரபாண்டியபுரத்து விவசாயி ஒருவர். மீன் கதை முடிந்ததும் அவருக்கு ஒரே சந்தேகம்.

"சாமி, அது என்ன மீனு? விராலா, கெளுத்தியா?"

"புத்தகத்துல போடலையே" என்றார் அப்பா.

"அதைப் போடாம என்ன புத்தகம்!" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பது வருஷத்தில் எந்தக் கத்தோலிக்கரும் இங்கிலீஷ் மிஷன்காரரும் அப்பாவை இப்படி மடக்கினதில்லை.

கட்டுப் பிரித்து, அப்புறம் கண் ஆறுகிறவரை காத்திருந்தோம். கண்ணாடி போட்டுப் பார்க்கிற நாள் வந்தது. டாக்டர் கனமான வில்லை ஒன்றை அப்பாவின் கண்ணுக்கு முன்னால் வைத்து, "என்ன தெரிகிறது?" என்று கேட்டார்.

அப்பா அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார். நான் சொர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர்... தப்பா நெனைக்கக் கூடாது" என்றார் அப்பா. "ஒங்க விபூதி வலது பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கு."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் வெளியே போய்த் துரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது? அப்பாவுக்குக் கண் தெரிகிறது.

அப்பாவை மட்டும் கேலி பண்ணி என்ன? நாம் எல்லோரும் அப்படித்தானே? பெரியவர்கள் சொன்னதில், புத்தகத்தில் இருப்பதில், நமக்குப் பிடித்தது வந்தால் அது சட்டம். பிடிக்காதது வந்தால் அது "வாசிக்க நல்லது". என் அலைச்சலைப் பார்த்து டாக்டர் எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதில் "ஓய்வு எடுக்கவும்" என்பது எனக்குப் பெரிய எழுத்தில் தெரிகிறது. "காபியைக் குறைக்கவும்" என்பதை வாசிக்க எனக்குக் கண்ணாடி வேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை. சாயந்திர ஜெபம். அப்பா புதுக் கண்ணாடியோடு, இரண்டு வருஷத்துக்குப் பிறகு தாமே வாசிக்கப் போகிறார். புத்தகத்தை மடியில் வைத்து நடுப் பக்கங்களைப் புரட்டினார். நான் வழக்கம்போல வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். துரை வாசற்படியில்.

அந்த வைத்தியர் அதிகாரத்தை எடுத்தார். எடுத்துவிட்டு, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றார்.

"மாமா, இது உக்காந்து கேக்கதுல்லா?" என்றாள் சொர்ணம்.

"தெரியும் பிள்ளை. கால் மரத்துப் போச்சு."

சொர்ணம் அவரைப் பார்த்தாள். புடவையைச் சரி செய்துகொண்டு அவளும் எழுந்து நின்றாள். நானும் எழுந்தேன். எனக்குக் கால் மரத்திருக்கவில்லை.

துரை மட்டும் எழுந்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்குச் சபை ஒழுங்கைக் காப்பாற்றியது அது ஒன்றுதான்.